அடகு வைத்த கோப்பை

இரண்டாம் பி.எஸ்ஸி., இயற்பியல்

விடுதியில் இரவு உணவு முடிந்தபின் நடைபெறும் விவாதங்களில், சினிமாவுக்கு அடுத்த இடம் இங்கிலாந்துக் கால்பந்துக்கே உரியது. மான்செஸ்டர் என்று ஒருவர் எழுந்தால் லிவர்பூல் என்று மற்றொருவர் எழுவார். இருவருமே மதுரைக்கு அப்பால் சென்றவர்களல்லர் என்பது வேறு செய்தி. சென்ற தை மாதத்தில் அத்தகைய ஓர் இரவில், மூலையில் அமர்ந்து ஆய்வக ஏட்டில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த என்னை நோக்கி, "உன் டீம் எதுடா?" என்று கேட்டார்கள். "வெஸ்ட் ஆக்லண்ட்" என்றேன். அறையே சிரித்தது. "ஆக்லண்ட் நியூசிலாந்தில் அல்லவா இருக்கிறது?" என்றார் புவியியல் படிக்கும் நண்பர். மணி பத்தடித்து விளக்கை அணைத்துவிட்டதால் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மலர்க் குழுவினர் எனக்கு ஒதுக்கிய இப்பக்கங்களில் அந்தப் பதிலை எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

இங்கிலாந்தின் கால்பந்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பது, தூரத்துப் பேருந்திலிருந்து கோபுரக் கலசத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்ததாகச் சொல்வது போன்றது. உச்சியில் உள்ள பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதன் கீழே மூன்று படிகளில், படிக்கு 24 ஆக 72 அணிகள். 1888-இல் 12 அணிகளோடு தொடங்கிய பழைய லீக்கின் வாரிசுகள் இவை. ஐந்தாம் படி நாடு முழுமைக்கும் ஒன்று. ஆறாம் படியில் வடக்கு, தெற்கு என்று பிரிந்துவிடும். அதற்கும் கீழே இறங்க இறங்க, வட்டாரம் வட்டாரமாகக் கிளை விரிகிறது. ஒன்பதாம் பத்தாம் படிகளில், நாட்டின் வடகிழக்கு மூலைக்கு உரியது 'நார்தர்ன் லீக்'. 1889-இல் பிறந்த இது, உலகில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் கால்பந்து லீக்குகளில் வயதில் இரண்டாவது என்பார்கள். முதலில் வந்தவர் மேற்படிக்கு ஏறலாம்; கடைசியில் நின்றவர் கீழே இறங்க வேண்டும். ஏட்டளவில் பார்த்தால், பத்தாம் படியில் இருக்கும் அணி ஒன்பது முறை ஏறினால் மான்செஸ்டரோடு மோதலாம். ஏட்டளவில் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த லீக்கின் ஊர்களிற் பல நிலக்கரிச் சுரங்கத்தையும் கப்பல் கட்டும் துறையையும் நம்பிப் பிழைத்தவை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 1993-இல் நின்றது. லீக் நிற்கவில்லை. ஆடுகிறவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். பார்க்க வருவோர் சில நூறு பேர். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், கோடு போடுபவர், தேநீர்க் குடிலில் நிற்பவர் ஆகியோரிற் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். என் வெஸ்ட் ஆக்லண்ட் பல்லாண்டுகள் ஆடியது இந்த லீக்கில்தான். டர்ஹாம் மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் அது.

நம் பக்கத்திலும் இத்தகைய படிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1934-இல் தோன்றிய கால்பந்துச் சங்கத்தின் லீக்கில் சீனியர் டிவிஷனுக்குக் கீழே ஒன்று, இரண்டு என்று ஐந்தாம் டிவிஷன் வரை இறங்கும். மாவட்டங்களில் இன்னும் சிறிய அளவில் நடக்கும். 2019-இல் கோவையில் ஆடி ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியை எல்லாரும் அறிவர். இரண்டே ஆண்டுகளில் அந்த அணி அம்மேடையிலிருந்து மறைந்துபோனதைப் பலர் கவனிக்கவில்லை. ஐந்தாம் டிவிஷனில் ஆடும் அணிகளையோ யாருமே கவனிப்பதில்லை. ஆகையால் அவை மறைந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. அப்படிப்பட்ட ஓர் அணிக்கு நான் செயலாளர்.

நான் பழனி மலைக்காரன். கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் போகும் பாதையை ஒட்டியது எங்கள் ஊர். அங்கே சமமான நிலம் என்று ஒன்று இருந்தால் அது பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் உரியது. பந்துக்கு மிஞ்சுவது சரிவுதான். வாட்டில் மரங்களை வெட்டி அகற்றிய மேட்டில் எங்கள் மைதானம் இருக்கிறது. ஒரு கோல் கம்பத்துக்கும் மற்றதற்கும் இடையே ஓர் ஆள் உயரம் ஏற்றத்தாழ்வு உண்டு. டாஸ் வென்றவர் முதற்பாதியில் மேல்நோக்கி ஆடுவதையே கேட்டு வாங்குவார். களைத்தபின் இறக்கத்தில் ஓடலாம் என்ற கணக்கு. பந்து வேலியைத் தாண்டினால் கேரட் தோட்டத்தைக் கடந்து ஓடைவரை போய்விடும். எடுத்து வீசுவதற்கு ஒரு சிறுவன் எப்போதும் கீழே நிற்பான். அந்தச் சிறுவனாகத்தான் நான் கால்பந்தில் நுழைந்தேன். மாலையில் மஞ்சு இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கக் கோல்கீப்பர் கண்ணுக்குத் தெரியமாட்டார். கோல் விழுந்ததா இல்லையா என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் உண்மையைச் சொல்வார் என்பது ஊர் வழக்கம். நடுவர் இல்லாத குறை எங்களுக்கு இருந்ததே இல்லை.

அணியில் பதினைந்து பேர். ஜீப் ஓட்டுபவர், கேரட் மூட்டை சுமப்பவர், கொத்தனாருக்குச் சித்தாள், தங்கும் விடுதியில் அறை துடைப்பவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. மாவட்ட லீக்கின் கடைசிப் பிரிவில் ஒரு முறையாவது ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன்மார் முடிவெடுத்தபோது, படிவம் நிரப்பவும், வயதுச் சான்றுகளைச் சேர்க்கவும், ரப்பர் முத்திரை செய்யவும் என்னை விட்டால் ஆளில்லை. ஆட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படியான திறமை இல்லாதிருந்தும் செயலாளர் பதவி இப்படி என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பால் ஊருக்கு விளைந்த முதற்பயன் அந்தப் படிவம்தான்.

நுழைவுக் கட்டணம், ஒரே நிறத்தில் பனியன், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் திண்டுக்கல் போய்வர வேன் வாடகை என்று கூட்டிப் பார்த்ததில், கையிலிருந்தது போக ஒன்பதாயிரம் ரூபாய் இடித்தது. கூலி வந்ததும் ஆளுக்கு அறுநூறு கொடுத்துவிடுகிறோம் என்றார்கள் அண்ணன்மார். அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கல்லூரியில் சேர்க்க வாங்கிய கடனே அவர் தலைமேல் இருந்தது. அடுப்படியில் இருந்த அப்பாயி ஒன்றும் பேசாமல் காதிலிருந்து தோட்டைத் திருகிக் கழற்றினாள். ஊர் என்ன சொல்லும் என்று நான் தயங்கினேன். "கழுத்துல இல்லேன்னாத்தான்டா ஊரு பேசும். காதுல இல்லாட்டி முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாப் போச்சு. இந்தக் குளிருல யாரு பாக்கப் போறா?" என்றாள். கொடைக்கானல் கடைத்தெருவில் ஓர் அடகுக் கடையில் சீட்டு வாங்கினேன். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி.

அதிகாலை மூன்று மணிக்கு வேன் ஏறி, பெருமாள்மலை, வத்தலக்குண்டு வழியே இறங்கி, ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் ஒரு மைதானத்தில் நின்றோம். மைதானம் முற்றிலும் சமமாக இருந்ததே எங்களுக்கு முதல் அதிர்ச்சி. அடுத்த அதிர்ச்சி பந்து. மலையில் எதிர்க்கோட்டை எட்டிவிடும் உதை, இங்கே வழியிலேயே சோர்ந்து விழுந்தது. எங்கள் ஆட்கள் ஓடிப்போய் நிற்கும் இடத்துக்குப் பந்து வந்து சேரவே இல்லை. எதிரணியினர் பந்து விழும் இடத்தில் நின்றார்கள். 0–5.

இரண்டாவது ஞாயிறு 1–4. மூன்றாவது 0–3. அதன்பின் விடுதிக்குத் திரும்பியதும் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். திண்டுக்கல் வெயிலில் காற்று விரிவதையும் கழித்துக் கணக்கிட்டால்கூட, கீழே உள்ள காற்று எங்கள் காற்றைவிட எட்டில் ஒரு பங்குக்கு நெருக்கமாக அடர்த்தி மிகுந்தது. பந்தைப் பிடித்து இழுக்கும் விசையும் அதே அளவு மிகும். எங்கள் கால்கள் பொய் சொல்லவில்லை, காற்றுதான் வேறு. பெரும் கண்டுபிடிப்போடு அணித் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை மொத ஆட்டத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் தம்பி" என்றார்.

நான்காவது ஞாயிறு தூறல் போட்டது. எங்கள் ஊர் வானம் போலவே இருந்தது. அன்று 1–1. ஜீப் ஓட்டும் அண்ணன் அடித்த கோல் அது. திரும்பும்போது வேனில் பாட்டுச் சத்தம் காட்ரோடு முழுக்கக் கேட்டது. பட்டியலில் கடைசி இடம். கடைசிப் பிரிவில் கடைசி. அதற்குக் கீழே இறங்கப் படியே இல்லை என்பதால் யாரும் எங்களை இறக்க முடியவில்லை.

ஐப்பசி மழை வந்தது. வேலை குறைந்தது. கோல்கீப்பரும் இன்னும் மூன்று பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். ஒருவர் கேரளத்துக்குப் போனார். தைப் பொங்கலுக்குள் என் கைக்கு வந்து சேர்ந்த பங்குப் பணம் நாலாயிரத்து இருநூறு. யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்கப் போன வீடுகளில் அடுப்பைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் திரும்பியவனும் நானே.

இனி வெஸ்ட் ஆக்லண்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டை ஊரில் 'சிலோன் வீடு' என்பார்கள். தாத்தாவும் அப்பாயியும் இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். தாத்தா கவ்வாத்து வெட்டினார். அப்பாயி கொழுந்து பறித்தாள். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்த எண்ணில் இரண்டு பேர் எங்கள் தாத்தாவும் அப்பாயியும். 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம், பிறகு ஒரு குத்தகைக்காரர் கொடுத்த முன்பணம், பிறகு பழனி மலையில் வாட்டில் பட்டை உரிக்கும் வேலை. தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டும். முன்பணம் தீர எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் தாத்தா பேச்சை மாற்றிவிடுவார். தேநீர் குடிக்கும்போது மட்டும், "லிப்டன் தொரை தோட்டத்துத் தண்ணி இப்படியா இருக்கும்?" என்று குறைபட்டுக்கொள்வார்.

யார் இந்த லிப்டன் என்று ஒரு நாள் கல்லூரி நூலகக் கணினியில் தேடினேன். தேயிலையைத் தேடப்போன எனக்குக் கோப்பை ஒன்று அகப்பட்டது.

சர் தாமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரத்துக்காரர். 1871-இல் அங்கே மளிகைக் கடை திறந்து, கிளை மேல் கிளையாகப் பெருக்கியவர். அவர் செல்வம் முழுவதும் தேயிலையில் வந்ததன்று. வெண்ணெயும் பன்றியிறைச்சியும் விற்றே முன்னமே பணக்காரராகியிருந்தார். 1890-இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்ன அவற்றுள் ஒன்று. 1909-இல் இத்தாலியின் டூரின் நகரில் பல நாட்டு அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிக்கு அவர் ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். உருகுவேயில் 1930-இல் நடந்த உலகக் கோப்பைக்கு 21 ஆண்டுகள் முந்தியது இது; இதையே முதல் உலகக் கோப்பை என்று சொல்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் சார்பில் போனது பெரிய அணி எதுவுமல்ல. நிலக்கரி வெட்டும் ஆட்கள் நிறைந்த வெஸ்ட் ஆக்லண்ட். ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் அணியை 2–0 என்று வென்று, இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் அணியையும் 2–0 என்று வென்றார்கள். 1911-இல் மறுபடியும் போனார்கள். சூரிச் அணியை வென்றபின் இறுதியில் எதிரே நின்றது யுவெண்டஸ். இன்று நம் விடுதிச் சுவரில் படமாக ஒட்டப்பட்டிருக்கும் அதே யுவெண்டஸ்தான். 6–1. இரண்டு முறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமாயிற்று.

இதுவரை படித்தபோது நான் மகிழ்ந்தேன். அடுத்த பத்தியைப் படித்தபோது நூலகத்தில் சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். டூரின் போய்வந்த செலவு அந்த அணியைக் கடனில் ஆழ்த்தியது. கடன் தீர வழியில்லாமல், உலகத்தை வென்று கொண்டுவந்த கோப்பையை உள்ளூர் விடுதிக்காரப் பெண்மணி ஒருவரிடம் 40 பவுனுக்கு ஈடாக வைத்துவிட்டார்கள். 1960-இல்தான் 100 பவுன் கொடுத்துத் திருப்பினார்கள். 49 ஆண்டுகள்!

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து இருவருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். தாத்தாவுக்குக் கால்பந்தில் ஈடுபாடு கிடையாது. லிப்டன் பெயர் வந்ததால் கேட்டுக்கொண்டிருந்தார். 1909 என்றதும் அப்பாயி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "எங்க அம்மாயி கொழுந்தெடுத்த காலம்டா அது. அதே மலைதான்" என்றாள். பிறகு, "அந்தப் பசங்க கரி வெட்டுறவுங்கன்னா, அத்தனை நாளைக்குக் கூலி?" என்று கேட்டாள். எந்தப் புத்தகத்தையும் படிக்காத அப்பாயி, கோலைப் பற்றிக் கேட்காமல் கூலியைப் பற்றிக் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

வட்டியைக் கணக்கிட்டுச் சொன்னேன். 40 பவுனுக்கு 49 ஆண்டில் 60 பவுன் மிகுதி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று. "வருசத்துக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள் அப்பாயி. "நம்ம கடையில மாசத்துக்கே ரெண்டு. நல்ல பொம்பளைடா அந்தம்மா. வித்துத் திங்காம வச்சிருந்திருக்கா பாரு."

"சாமான் வீட்டுல பத்திரமா இருக்கா இப்ப?" என்றார் தாத்தா.

"இல்லை தாத்தா. 1994 ஜனவரியில் திருடன் கொண்டுபோய்விட்டான். கிடைக்கவே இல்லை. இப்போது வைத்திருப்பது அதைப்போலச் செய்த நகல்."

தாத்தா தம்ளரைக் கீழே வைத்தார். "அடகுலயே கிடந்திருக்கலாம்" என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அப்பாயி முக்காட்டைச் சரிசெய்தாள். அப்போதுதான் பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் துளை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சித் துண்டு ஒன்றை ஒடித்துச் செருகியிருந்தாள். இரண்டு காதிலும். எத்தனை மாதமாக அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி?

அன்றுமுதல் சனிக்கிழமைகளில் கேரட் மூட்டை ஏற்றும் இடத்துக்கு நானும் போகிறேன். வருகைப் பதிவில் அதனால் குறை வந்ததில்லை என்பதைப் பேராசிரியர் பெருமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். வருமானம் பெரிதில்லை, ஆனாலும் பங்குப் பணத்தோடு சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. திருப்பூர் போன கோல்கீப்பர் பங்குனியில் தொலைபேசி வழியே ஆயிரத்து ஐநூறு அனுப்பினார். அறுநூறுதானே உங்கள் பங்கு என்று கேட்டதற்கு, "அஞ்சு கோல் விட்டவன் நான்தானே" என்றார். ஆயினும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஆண்டு முடிவதற்குள் கடைக்குப் போய் வட்டியை மட்டும் கட்டி, அசலில் பாதிக்கு மேல் குறைத்து, சீட்டை மாற்றி எழுதி வாங்கிவந்தேன். மிச்சம் மூவாயிரத்து எண்ணூறு.

சென்ற வாரம் இந்த ஆண்டுப் பருவத்துக்கான படிவம் வந்தது. நான் அதை நிரப்பப்போவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்து, பாடப் புத்தகத்துக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுபோயிருந்தேன். அணித் தலைவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். அவர் மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் புத்தகத்திலிருந்து தாள் நழுவி விழ, அப்பாயி எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சென்ற ஆண்டு பார்த்த அதே கட்டங்களை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எத்தனை பேரு எழுதியிருக்கே?"

"இன்னும் எழுதலை அப்பாயி. இருக்கிறதே பதினொரு பேர்தான்."

"மாத்துக்கு ஆள் வேணாமா?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.